அஞ்சே அஞ்சு பேர்: நம்ம இங்கிலீஷ் டிபார்ட்மென்ட் வாத்தியார்கள்

அரக்கோணம் பாசஞ்சர்:
மொத்தமே அஞ்சு வாத்தியார்கள். ரெண்டு வருஷமும் சேர்த்தா நாப்பது பிள்ளைங்க தேறுவோம். மட்டம் போட்டா மறுநாள் வராண்டாவுலயே மாட்டிக்குவோம். நம்ம செட்டு யாராவது இருந்தா சம்பவத்தைச் சொல்லுங்க. பேரு வேண்டாம்.

நானே ஆரம்பிக்கிறேன். பன்னெண்டாவது வரை தமிழ் மீடியம். எம்.ஏ. சேர்ந்து முதல் மாசம் வாயே திறக்கல. ஒருநாள் ஃபொனெடிக்ஸ் (உச்சரிப்புப் பாடம்) எடுத்த மேம் நோட்டுல இருந்து ஒரு தாளைக் கிழிச்சுக் குடுத்து, உதட்டுக்கு முன்னால பிடிச்சுக்கிட்டு "பின்" சொல்லச் சொன்னாங்க, குண்டூசி பின். சொன்னேன், தாள் அசையல. அவங்க சொன்னதும் படக்குனு ஆடிச்சு. அப்புறம் அவங்களே "ஸ்பின்" சொன்னாங்க, ஆடல! வார்த்தை ப-வுல ஆரம்பிச்சா இங்கிலீஷ்காரன் காத்தை ஊதுவான், முன்னால ஸ வந்தா ஊத மாட்டானாம். நாம ஊதாம சொன்னா அவன் காதுல குண்டூசி 'pin', குப்பைத்தொட்டி 'bin'-ஆ விழலாமாம்.

எனக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. உடனே, "இப்போ பாம்புன்னு சொல்லு"ன்னாங்க. சொன்னேன். "முதல் ப-வும் கடைசி பு-வும் ஒரே சத்தமா?" இல்லதான். எழுத்து ஒண்ணு, சத்தம் ரெண்டு. "இத்தனை வருஷம் பேசுற, உனக்கே தெரியல பாரு. அவனுக்கும் அவன் ஊதுறது தெரியாதுப்பா."

அன்னைக்கு ரயில்ல சீசன் டிக்கெட்டை வாய்க்கு முன்னால வெச்சுக்கிட்டு திருவள்ளூர் வரைக்கும் "பின், பின்"னு சொல்லிட்டே போனேன். எதிர்ல இருந்தவர் எழுந்து வேற இடம் பார்த்துக்கிட்டார்.

கடைசி பெஞ்ச்:
ஹிஸ்டரி ஆஃப் இங்கிலீஷ் எடுத்த சாரை மறக்க முடியுமா? நைட்டுன்னா குதிரை வீரன், அதுல முன்னால 'கே' எதுக்கு, நடுவுல 'ஜி ஹெச்' எதுக்குன்னு ஒருத்தன் கேட்டான். சார் ஜன்னல் வழியா ரோட்டுல போன தள்ளுவண்டியைக் காட்டினார். "அவரு என்னன்னு கூவுறாரு?" வாயப்பயம்! "எழுதச் சொன்னா?" வாழைப்பழம். "அவ்ளோதான். சாஸர்னு ஒரு பழைய இங்கிலீஷ் கவிஞர், அவர் காலத்துல அந்த கே, ஜி ஹெச் எல்லாத்தையும் உச்சரிச்சாங்க. 1476-ல காக்ஸ்டன் இங்கிலாந்துல அச்சுக்கூடம் வெச்சார். எழுத்து அதோட கெட்டியாக ஆரம்பிச்சிடுச்சு. நாக்கு நிக்குமா? அது பாட்டுக்குப் போயிட்டே இருந்துச்சு." அந்த பேப்பர்ல நான் பாஸானதே வாழைப்பழத்தாலதான்.

வில்லிவாக்கம்:
எனக்கு கைடா இருந்த சார் புத்தகம் கடன் தர மாட்டார். கேட்டா எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குத் துரத்துவார். "1954-லயே சட்டம் போட்டாச்சு. இந்தியாவுல அச்சடிக்கிற புத்தகத்துல ஒரு பிரதி அங்க வந்தாகணும். இல்லேன்னு சொன்னா நம்பாதே, திரும்பக் கேளு." அவர் பேச்சைக் கேட்டு ஒரு கவுண்டர்ல மூணு தடவை திரும்பக் கேட்டிருக்கேன். புத்தகம் கிடைக்கல, திட்டுதான் கிடைச்சது. பிறகு அவரே பைக்ராஃப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்துல தேடி வாங்கி வந்து என் மேசையில வெச்சுட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசல.

டீக்கடை ஓரம்:
எல்லாரும் ரொம்ப உருகுறீங்க. மஞ்சள் நோட்டு சாரைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கலையே? ரெண்டு வருஷமும் டிக்டேஷன்தான். கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாம் சேர்த்து. சந்தேகம் கேட்டா "எழுதிக்கோ, அப்புறம் புரியும்." எனக்கு இன்னும் புரியல சார்.

வில்லிவாக்கம்:
அதுவும் உண்மைதான். ஆனா அந்த வருஷம் ரெண்டு பேர் ரிட்டயர் ஆனாங்க, இடத்தை நிரப்பல. அவர் ஒருத்தரே மூணு பேப்பர் எடுத்தார். ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் நின்னுக்கிட்டே.

டீக்கடை ஓரம்:
சரி, அது எனக்குத் தெரியாது. ஆனாலும் போர்தான்.

இப்போதைய கெஸ்ட் லெக்சரர்:
அந்த இடத்துலதான் இப்போ நான் இருக்கேன். நிரந்தரம் இல்ல, வருஷா வருஷம் ஆர்டர் வருமா வராதான்னு பார்த்துக்கிட்டிருக்கேன். சார் போறப்போ அந்த மஞ்சள் நோட்டை என்கிட்ட குடுத்துட்டுப் போனார். நீங்க கேட்டது வலது பக்கம் மட்டும். இடது பக்கம் பூரா பென்சில்ல தமிழ்: எந்த வரியில பசங்க முழிச்சாங்க, அடுத்த வருஷம் எப்படிச் சொல்லணும்னு. சில இடத்துல தேதி மேல தேதி, நாலஞ்சு தடவை அடிச்சு எழுதியிருக்கார். அதை ஏன் கிளாஸ்ல சொல்லலைன்னு எனக்கும் விளங்கல. நேரம் இல்லையோ என்னவோ.

அரக்கோணம் பாசஞ்சர்:
தாள் வித்தை இருக்கா அதுல?

இப்போதைய கெஸ்ட் லெக்சரர்:
இல்ல. அது மேமோடது. நாளைக்கு முதல் பீரியட்ல செஞ்சு பார்க்கிறேன்.