இரவு 2 மணிக்கு அம்புலன்ஸ்: முன்பே நம்மைக் கேட்டிருந்தால்?

மலர்_ஸ்காபரோ: அம்மாவுக்கு 88 வயது, மறதிநோய். போன மாதம் இரவு 2 மணிக்கு நேர்சிங் ஹோமிலிருந்து போன்: காய்ச்சல், அம்புலன்ஸ் கூப்பிட்டுவிட்டோம். எமர்ஜென்சியில் விடியும்வரை ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். தமிழ் மட்டும்தான் தெரியும். மிரண்டுபோய் கையிலிருந்த சேலைன் குழாயைப் பிடுங்கிவிட்டார். கடைசியில் சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அம்மா கஞ்சியைத் தொடவில்லை, பேச்சும் குறைந்துவிட்டது என்று மூன்று நாள் முன்பே சொல்லியிருந்தேன். யாரும் எழுதி வைக்கவில்லை. நேர்சிங் ஹோமிலிருந்து தேவையில்லாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைக் குறைக்க அமெரிக்காவில் இன்டராக்ட் என்று ஒரு திட்டம். அதில் 'ஸ்டாப் அண்ட் வாட்ச்' என்று ஒரு தாள் உண்டு. பேச்சு, சாப்பாடு, தண்ணீர் குறைந்ததா, மூன்று நாளாக மலம் போகவில்லையா என்று குடும்பத்தாரும் அதில் குறிக்கலாம். அதை ஏன் நம் கையில் தருவதில்லை?

ரவி_மார்க்கம்: அக்கா, எனக்குப் பயம் வேறு. அப்பாவுக்கு நிமோனியா வந்தபோது ஹோமில் "ஆஸ்பத்திரி வேண்டாம், இங்கேயே பார்க்கலாம்" என்றார்கள். நாங்களும் தலையாட்டினோம். இரண்டாம் நாள் மூச்சு வாங்கி, அனுப்பியும் அவர் திரும்பி வரவில்லை. குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது என்றால் 'அனுப்பவேண்டாம்' என்று நம் வாயால் சொல்லவைப்பதுதானா? 2017இல் வந்த ஆய்வில் 85 இல்லங்களை வைத்து இன்டராக்ட்டைப் பரிசோதித்தார்கள். பயிற்சி கொடுத்தும் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது மொத்தத்தில் சொல்லும்படி குறையவில்லை. முதலில் ஆளைப் போடட்டும், தாள் பிறகு.

இரவுநேர்ஸ்: ஆள் பற்றாக்குறை உண்மை தம்பி. இரவில் என் தளத்துக்கு நான் ஒருத்திதான், டாக்டர் போனில். ஆனால் அப்பா விஷயத்தில் உங்களிடம் தலையாட்டல் மட்டும்தான் வாங்கியிருக்கிறார்கள். இங்கேயே பார்ப்பதென்றால் சில மணிக்கொரு தடவை மூச்சு, நாடி, ஆக்சிஜன் பார்க்கவேண்டும். எந்த அளவைத் தாண்டினால் அம்புலன்ஸ் என்பது உங்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கவேண்டும். நீர்ச்சத்து குறைந்தவருக்குத் தோலுக்கடியில் திரவம் ஏற்றிச் சமாளித்ததைப் பார்த்திருக்கிறேன். இடுப்பு முறிந்தால் பேச்சே இல்லை, அனுப்பத்தான் வேண்டும். இன்னொன்று: இங்கே கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் 1996 சிகிச்சைச் சம்மதச் சட்டப்படி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா வேண்டாமா என்ற படிவத்தில் எப்போதோ போட்ட கையெழுத்து இன்றைய சிகிச்சைக்குச் சம்மதம் ஆகிவிடாது. அவசரம் தவிர மற்ற நேரங்களில், நோயாளியிடமோ அவருக்காக முடிவெடுப்பவரிடமோ அப்போது கேட்கவேண்டும். படிவத்தைக் காட்டினால் விட்டுவிடாதீர்கள்.

ரவி_மார்க்கம்: அந்த அளவை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் முதல் இரவே கத்தியிருப்பேன். சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு ஷிஃப்ட் வேலை செய்கிற மகள் எப்போது போய்ப் பார்ப்பாள்? பிள்ளையே இல்லாதவருக்கு யார் தாளை நிரப்புவது? ஊழியர் வேலையை நம் தலையில் கட்டவேண்டாம்.

மலர்_ஸ்காபரோ: அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை தம்பி. அம்மாவின் பக்கத்துக் கட்டில் பாட்டியைப் பார்க்க யாரும் வருவதில்லை. அவர் தேத்தண்ணீர் குடிக்காத நாளையும் இனி நானே போய்ச் சொல்லப்போகிறேன். இல்லத்தில் இருப்பவர்களின் குடும்பத்தார் கூடிப் பேசும் குடும்ப மன்றம் அமைக்கச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. எங்கள் இல்லத்தில் நாலு பேர் சேர்ந்துவிட்டோம். முதல் கூட்டத்தில் கேட்கப்போவது ஒன்றுதான்: இல்லத்தில் இருப்பவரிடம் மாற்றம் தெரிந்த அன்று மாலையே போன் பண்ணுங்கள், இரவு 2 மணிவரை வைத்திருக்கவேண்டாம்.