கட்டுப்பாட்டு வரைபடத்துக்கான உட்குழுச் சராசரி, வீச்சு ஆகியவற்றைச் சேமிப்பது எப்படி?

பாலாற்றங்கரை எழுதியது:

ராணிப்பேட்டைப் பகுதியிலுள்ள ஒரு தோல் பதனிடும் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். தோலைச் சீரான தடிமனுக்குச் சீவும் ஷேவிங் இயந்திரத்திலிருந்து வெளிவரும் வெட் ப்ளூ (குரோமியத்தால் பதனிட்ட ஈரத்) தோல்களில் மணிக்கு ஒருமுறை அடுத்தடுத்து ஐந்தை (இதுவே ஓர் உட்குழு) எடுத்து, அவற்றின் தடிமனை கேஜில் அளந்து, சாஸ் (SAS) என்ற புள்ளியியல் மென்பொருளின் ஷூஹார்ட் செயல்முறையில் சராசரி–வீச்சு (மிகப்பெரிய, மிகச்சிறிய அளவீடுகளின் வித்தியாசம்) வரைபடம் வரைகிறோம். மாதக் கடைசியில் வரைபடத்தைப் படமாக மட்டுமே சேமிக்கிறோம். அடுத்த மாதத் தரவைச் சேர்த்து மறுபடி வரையும்போது கட்டுப்பாட்டு எல்லைகளும் (செயல்முறை சீராக இருந்தால் புள்ளிகள் அமைய வேண்டிய மேல், கீழ் வரம்புகள்) மாறிவிடுவதால், போன மாதம் எல்லைக்கு வெளியே இருந்த புள்ளி இந்த மாதம் உள்ளே வந்துவிடுகிறது. தணிக்கைக்கு வருபவர்களிடம் இதை விளக்க முடியவில்லை. மூல அளவீடுகளை ஒவ்வொரு முறையும் முழுவதுமாக ஓட்டாமல், சுருக்க அளவைகளை மட்டும் சேமித்து அவற்றிலிருந்தே வரைபடம் வரைய வழி உண்டா? அப்படியானால் எவற்றையெல்லாம் சேமிக்க வேண்டும்?

கோட்டைவாசல் எழுதியது:

வழி உண்டு, ஐயா. ஆனால் உங்கள் கேள்விக்குள் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. அவற்றை இரண்டு கோப்புகளாகப் பிரித்துவிட்டால் சிக்கல் தீரும்.

முதல் கோப்பு உட்குழுக்களின் சுருக்கம். சராசரி–வீச்சு வரைபடத்துக்கான எக்ஸ்ஆர்சார்ட் கூற்றில் அவுட்ஹிஸ்டரி என்ற தெரிவைக் கொடுத்தால், ஓர் உட்குழுவுக்கு ஒரு வரி என்ற கணக்கில் உட்குழு எண், சராசரி, வீச்சு, அளவீடுகளின் எண்ணிக்கை ஆகியவை சேமிக்கப்படும். உங்கள் மாறியின் பெயருக்குப் பின்னால் எக்ஸ், ஆர், என் ஆகிய எழுத்துகளை ஒட்டி அந்தப் பத்திகளுக்கு மென்பொருளே பெயரிடும். படம் தேவையில்லை என்றால் நோசார்ட் என்ற தெரிவையும் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு வரையும்போது இந்தக் கோப்பை டேட்டா என்று கொடுக்காமல் ஹிஸ்டரி என்று கொடுங்கள். அப்போதுதான் இவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதை மென்பொருள் அறியும்.

இரண்டாவது கோப்பு எல்லைகள். செயல்முறை சீராக இருந்ததாக நீங்கள் முடிவுசெய்த ஒரு காலப்பகுதியை எடுத்து, அதன் எல்லைகளை மட்டும் அவுட்லிமிட்ஸ் மூலம் சேமியுங்கள். புதிய மாதத்தை வரையும்போது அந்தக் கோப்பை லிமிட்ஸ் என்று உள்ளே கொடுத்தால், புதிய புள்ளிகள் பழைய எல்லைகளோடு ஒப்பிடப்படுமே தவிர எல்லைகள் புதிதாகக் கணக்கிடப்படமாட்டா. போன மாதத்துப் புள்ளி உள்ளே வந்ததற்குக் காரணம், கோளாறான உட்குழுக்களும் சேர்ந்து எல்லைகளை நிர்ணயித்ததாகத்தான் இருக்கும். சுருக்கக் கோப்பு நாள்தோறும் வளரலாம். எல்லைக் கோப்பு இயந்திரத்தின் பிளேடு அமைப்போ இலக்குத் தடிமனோ மாறினாலொழிய மாறக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஒரு சேர்ப்பு. எக்ஸ்ஆர்சார்ட் சேமிக்கும் சுருக்கத்தில் திட்ட விலக்கம் (அளவீடுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியுள்ளன என்பதன் அளவை) இராது. பின்னாளில் சராசரி–திட்ட விலக்க வரைபடம் வேண்டியிருக்கலாம் என்று நினைத்தால், சாஸின் மீன்ஸ் செயல்முறையில் சராசரி, வீச்சு, திட்ட விலக்கம், எண்ணிக்கை ஆகிய நான்கு அளவைகளையும் ஒருசேரக் கணக்கிட்டு அதே பெயரிடும் முறையில் சேமித்துவிடலாம்.

தோல்துறை நண்பர் எழுதியது:

மென்பொருளுக்கு முன்னால் ஒரு கேள்வி. ஐந்து தோல்களிலும் ஒரே இடத்தில்தான் அளக்கிறீர்களா? ஒன்றில் கழுத்துப் பகுதியிலும் மற்றொன்றில் வயிற்றுப் பகுதியிலும் அளந்தால், வீச்சில் பதிவாவது இயந்திரத்தின் மாறுபாடு மட்டுமன்று, தோலின் இடமாறுபாடும்தான். அதனால் எல்லைகள் தேவைக்கு மேல் அகன்று, உண்மையான கோளாறும் கண்ணில் படாமல் போகும். இத்தகைய சுருக்கத்தை எவ்வளவு ஒழுங்காகச் சேமித்தாலும் பயனில்லை.

ஆய்வக ஊழியர் எழுதியது:

வேலூரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் கட்டுப்பாட்டுச் சீரத்தின் (கருவியைச் சரிபார்க்கப் பயன்படும், மதிப்பு முன்பே தெரிந்த மாதிரியின்) அளவீடுகளை இதே போலத் தொகுக்கிறோம். எண்ணிக்கைப் பத்தியை யாரும் விட்டுவிடக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஒரு மாதத்தில் 20 அளவீடுகள், சராசரி 100, திட்ட விலக்கம் 2. அடுத்த மாதமும் 20 அளவீடுகள், சராசரி 104, திட்ட விலக்கம் 2 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதங்களுக்கும் சேர்த்துத் திட்ட விலக்கம் 2 என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. சராசரிகளுக்கிடையிலான இடைவெளியையும் கணக்கில் கொண்டால் அது ஏறத்தாழ 2.83 ஆகும். எண்ணிக்கை, சராசரி, திட்ட விலக்கம் மூன்றும் கையில் இருந்தால் மூல அளவீடுகள் இல்லாமலேயே இதைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கலாம். வீச்சுக்கு இந்த வசதி கிடையாது. இரண்டு தொகுதிகளின் வீச்சுகளை மட்டும் வைத்துக்கொண்டு மொத்த வீச்சைச் சொல்ல இயலாது.

பாலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஐந்திலும் முதுகின் பின்பகுதியில்தான் அளக்கிறோம். இரவு ஷிப்டில் சில வேளைகளில் நான்கு அளவீடுகள்தான் பதிவாகின்றன. அந்த உட்குழுக்களை நீக்கிவிடலாமா?

கோட்டைவாசல் எழுதியது:

நீக்க வேண்டாம், எண்ணிக்கைப் பத்தியில் 4 என்றே இருக்கட்டும். எடுத்துக்காட்டாக, சராசரித் தடிமன் 1.24 மி.மீ., ஐந்து அளவீடுகள் கொண்ட உட்குழுக்களின் சராசரி வீச்சு 0.10 மி.மீ. என்றால், அந்த வீச்சை ஐந்துக்குரிய 0.577 என்ற அட்டவணை மாறிலியால் பெருக்கும்போது எல்லைகள் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 0.0577 தொலைவில் அமையும். நான்கு அளவீடுகள் உள்ள உட்குழுவுக்கு, அதே சராசரி வீச்சை ஐந்துக்குரிய மற்றொரு மாறிலியான 2.326 ஆல் வகுத்துக் கிடைக்கும் திட்ட விலக்கத்தின் மும்மடங்கை நான்கின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், தொலைவு 0.0645 ஆகிவிடும். நான்குக்குரிய 0.729 என்ற மாறிலியை ஐந்தின் சராசரி வீச்சோடு பெருக்குவது தவறு. அட்டவணையைப் பார்த்துக் கையால் கணக்கிடும்போது இந்தத் தவறு எளிதில் நேரும்.

சராசரியை இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கியும் சேமிக்காதீர்கள். 0.0577 தொலைவில் எல்லை இருக்கும்போது 0.005 வரையிலான பிழை சிறியதன்று. நான்கு இடங்களாவது இருக்கட்டும். உட்குழு எண்ணைத் தொடர் எண்ணாக வைத்து, தேதியையும் ஷிப்டையும் தனிப் பத்திகளில் எழுதுங்கள். மாதக் கோப்புகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிய பிறகு அந்த எண்ணின் ஏறுவரிசையில் ஒருமுறை வரிசைப்படுத்திவிட்டே ஹிஸ்டரியாகக் கொடுக்க வேண்டும். மூல அளவீடுகளை அழிக்க வேண்டியதில்லை. ஒரு வீச்சு எல்லை தாண்டினால், எந்தத் தோல் அதற்குக் காரணம் என்பதை அந்தக் கோப்பில் மட்டும்தான் பார்க்க முடியும்.