மறு: மிளகாய் இரகத் தேர்வில் ‘எஸ்கேப்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> எஸ்கேப் ஆன செடியையும் ‘எதிர்ப்புத்திறன் உள்ள செடி’ என்றே எழுதிவிடலாமே? இரண்டிலும் நோய் இல்லைதானே?

வேண்டாம் ஐயா. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் தேர்வே கெட்டுப்போகும்.

மிளகாய்க்கு இலைச்சுருள் நச்சுயிரியைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. திறந்த வயலில் அது எல்லாச் செடியிலும் ஒரே மாதிரி உட்காராது. சுற்றிலும் செடிகள் இலை சுருண்டு, நரம்பு தடித்து, குட்டையாக நிற்க, நடுவில் ஒன்று மட்டும் தளதளவென்று காய்த்திருக்கும். அதற்கு உண்மையிலேயே எதிர்ப்புத்திறன் இருக்கலாம். அல்லது நச்சுயிரி சுமந்த ஈ அதன்மேல் உட்காராமலே போயிருக்கலாம்; இதைத்தான் ‘எஸ்கேப்’ என்கிறோம். பார்த்துச் சொல்ல வழியில்லை. இரண்டாவது வகைச் செடியில் விதை எடுத்தால், அடுத்த பட்டத்தில் அத்தனையும் சுருண்டுவிடலாம்.

அதனால்தான் நோயுற்ற செடியில் ஈக்களை வளர்த்து, வலைக்கூண்டுக்குள் நாற்றுகளோடு விடுகிறார்கள். அப்போதும் சந்தேகம் என்றால் நோயுற்ற கிளையை அந்தச் செடியில் ஒட்டுக்கட்டுகிறார்கள். ஒட்டு பிடித்துவிட்டால் நச்சுயிரி வந்து சேராமல் எந்தச் செடியும் தப்ப முடியாது; அதற்குப் பிறகும் நோயில்லாமல் நின்றால் அது தற்செயலாகத் தப்பியதல்ல.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘தப்புச்செடி’ சுருக்கமானதுதான், ஆனால் இரகம் மாறிக் கலந்த செடி என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘பிழைத்த செடி’ என்றால் நோய் வந்து மீண்டதாக ஆகிவிடும். மீள்வதும் செடிகளில் உண்டு, அதற்குத் தனிச்சொல் வேண்டும். என் பரிந்துரை ‘நோய்தப்பல்’; செடிக்குத் ‘தப்பிய செடி’. தோட்டத்தில் “இது ஒண்ணு தப்பிச்சிருச்சு” என்றுதானே சொல்கிறார்கள்.

‘டாலரன்ஸ்’ என்பதற்குச் ‘சகிப்புத்தன்மை’ வேண்டாம், அது மனிதக் குணத்தைக் குறிக்கும் சொல். ‘தாங்குதிறன்’ போதும். தாங்கும் செடிக்குள் நச்சுயிரி நன்றாகவே பெருகும்; வளர்ச்சியும் காய்ப்பும் மட்டும் பெரிதாகக் குறையாது. அதிலிருந்து ஈ பக்கத்துத் தோட்டத்துக்கு நோயைக் கொண்டுபோகும். எதிர்ப்புத்திறன் உள்ள செடியில் நச்சுயிரி பெருகவே திணறும். செடி உயரமும் காய் எடையும் மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது, நச்சுயிரியின் மரபணுப் பொருளை அளவிடும் பிசிஆர் சோதனையில் அதன் அளவையும் பார்க்க வேண்டும். அப்புறம், இலை கீழ்நோக்கிக் குழிந்திருந்தால் அது பெரும்பாலும் இலைச்சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய முரணைச் சிலந்தியின் வேலை. அதை நச்சுயிரிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வயலில் நோய் சீராகப் பரவ இடையிடையே நடும் எளிதில் நோய்க்கு ஆளாகும் இரகத்தின் வரிசைக்கு, ‘நோய்பரப்பு வரிசை’ என்று எழுதிவருகிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

அன்புடன்