கேமராவில் ஒரு நேரம், போனில் ஒரு நேரம்: பயணப் படங்களை எப்படி வரிசைப்படுத்துவது?

கடலோரப் பயணி

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறையில் அப்பா, அம்மா, அக்கா, அத்தான், நான் ஐந்து பேரும் ஒரே காரில், சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரை முடிந்தமட்டும் கடலோரமாகவே போய் வந்தோம். முதல் ராத்திரி தரங்கம்பாடி, இரண்டாவது வேதாரண்யம், மூன்றாவது ராமேஸ்வரம். நாலாம் நாள் தனுஷ்கோடி பார்த்துவிட்டு மதுரை வழியாகத் திரும்பினோம். வீட்டுக்கு வந்து எண்ணினால் 1,140 படங்கள்.

அப்பாவுக்கு 68 வயது. அத்தைகள், பெரியப்பா எல்லோருக்கும் காட்ட ஒரு ஆல்பம் வேண்டும் என்கிறார். போனில் இல்லை, கையில் புரட்டுகிற ஆல்பம். படத்துக்குப் பக்கத்தில் நாலு வரி எழுதவும் வேண்டுமாம். சரி என்று உட்கார்ந்தேன். இரண்டு வாரமாக உட்கார்ந்துகொண்டே இருக்கிறேன்.

படங்கள் நாலு கருவிகளிலிருந்து வந்தவை: அக்காவின் கேமரா, என் ஆண்ட்ராய்டு போன், அத்தானின் ஐபோன், அப்பாவின் போன். எல்லாவற்றையும் மடிக்கணினியில் ஒரே ஃபோல்டரில் கொட்டினேன். பாம்பன் பாலத்தைத் தாண்டிய பிறகு, அதற்கு முன்னால் வர வேண்டிய தேவிபட்டினம் வருகிறது. அக்னி தீர்த்தத்தில் சூரியன் உதிக்கிற படம் காலை 9:12 என்கிறது. ஆனால் என் போன் கணக்குப்படி அதற்கு முன்பே நாங்கள் தனுஷ்கோடியில் சங்குக் கடை வாசலில் நிற்கிறோம். ஐபோன் படங்களில் பாதி திறக்கவே மாட்டேன் என்கின்றன. அப்பாவின் படங்கள் வாட்ஸ்அப் வழியாக வந்தவை, எல்லாவற்றுக்கும் ஒரே தேதி.

இன்னொரு சந்தேகம், எழுதுவது பற்றி. தரங்கம்பாடிப் படத்துக்குக் கீழே "1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை" என்று எழுதினேன். பாம்பனுக்கு "பழைய பாலம் 1914, புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரல்" என்று எழுதினேன். திரும்பப் படித்தால் போட்டித் தேர்வுக் கையேடு மாதிரி இருக்கிறது. என்ன எழுதுவது?

நச்சுனு நாலு

நாலு நாளைக்கு 1,140 படமா! நாற்பது எடுத்து வைத்துக்கொண்டு மீதியை மறந்துவிடுங்கள். யாரும் பார்க்கப் போவதில்லை. உங்கள் அத்தையும்தான்.

கணினிக்கிறுக்கன்

மேலே இருப்பவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வரிசை தெரியாமல் நாற்பதை எப்படிப் பொறுக்குவது?

முதலில் ஒன்று கேட்கிறேன். ஃபோல்டரில் எந்தத் தேதியை வைத்து அடுக்கியிருக்கிறீர்கள்? விண்டோஸ் வழக்கமாகக் காட்டுவது கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதி. வேறு செயலி வழியாக வாங்கும்போது அது நம்பகமாக இருக்காது. படம் எடுத்த நேரம் கோப்புக்குள்ளேயே தனியாக எழுதப்பட்டிருக்கும். அதற்கு எக்ஸிஃப் என்று பெயர். தலைப்பு வரிசையில் வலது சொடுக்கு செய்து 'எடுத்த தேதி' என்ற பத்தியைச் சேர்த்து, அதை வைத்து அடுக்குங்கள். பாதிக் குழப்பம் தீரும்.

மீதிப் பாதிக்குக் காரணம் அந்தக் கேமரா. ராமேஸ்வரத்தில் ஜனவரி நடுவில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6:35-க்கு. உங்கள் படம் 9:12 என்கிறது. வித்தியாசம் இரண்டரை மணி நேரமும் கொஞ்சமும். உங்கள் அக்கா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறாரா?

கடலோரப் பயணி

சார், அக்கா சிங்கப்பூரில்தான் இருக்கிறாள்! நான் சொல்லவே இல்லையே!

கணினிக்கிறுக்கன்

சூரியன் சொல்லிவிட்டது. போன் சிம்மைப் பார்த்துத் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும். சாதாரணக் கேமராவுக்கு அது தெரியாது. சாங்கி விமான நிலையத்தில் என்ன மணியோ அதே மணியோடு தரங்கம்பாடிக்கும் வந்து நிற்கும். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அதற்கு மேல் இருக்கிற சில நிமிடம், கேமரா கடிகாரம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக முந்தி ஓடி ஏறிக்கொண்டது.

ஆனால் சூரியனை வைத்து நிமிடக் கணக்குப் பார்க்க முடியாது. வட்டம் முழுதாக மேலே வந்த பிறகு எடுத்தீர்களோ என்னவோ. கேமராவிலும் போனிலும் ஒரே கணத்தில் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா? ரயில் போகிற படம், லெவல் கிராசிங், யாராவது தும்முகிற படம், எதுவானாலும் சரி. அது கிடைத்தால் வித்தியாசத்தைத் துல்லியமாகக் கழித்துவிடலாம்.

திருத்துவதற்கு டிஜிகேம் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. கேமராப் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, இத்தனை மணி இத்தனை நிமிடம் பின்னால் தள்ளு என்றால் மொத்தத்துக்கும் ஒரே நொடியில் செய்யும். கறுப்புத் திரையில் கட்டளை தட்டப் பயமில்லை என்றால் எக்ஸிஃப்டூல். கூகுள் போட்டோஸிலும் கணினி வழியாகப் போய் மொத்தமாக நேரத்தைத் தள்ளலாம். ஆனால் அந்தத் திருத்தம் அதற்குள்ளேதான் நிற்கும், உங்கள் கோப்புக்குள் எழுதாது. ஸ்டூடியோவுக்குக் கொடுக்கிற படம் என்பதால் டிஜிகேம்தான் என் ஓட்டு. எதைச் செய்தாலும் முதலில் அசல் படங்களின் நகல் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஐபோன் படங்கள் ஹெச்.இ.ஐ.சி வகை. 2017-லிருந்தே அப்படித்தான். அத்தானிடம் சொல்லி, அமைப்புகளில் போட்டோஸ் பகுதியில், கணினிக்கு மாற்றுவதை 'தானியங்கி' என்று வைத்துவிட்டு, வயர் போட்டு மறுபடி இறக்குங்கள். ஜேபெக்காக வரும்.

வேதாரண்யத்துப் பொண்ணு

அப்பா படங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. கோப்பின் பெயரில் டபிள்யூஏ என்று இருக்கிறதா? அப்படியானால் பெயரில் இருக்கிற தேதி அனுப்பிய தேதிதான், எடுத்த தேதி இல்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கிற எக்ஸிஃப் போய்விடும், படமும் சுருங்கும். 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் அப்படியே வரும். அப்பா போனில் அசல் இருந்தால் அதை வாங்குங்கள்.

எங்கள் ஊரில் எங்கே தங்கினீர்கள்? உப்பளம் பார்த்தீர்களா?

கடலோரப் பயணி

பார்த்தோம் சகோதரி. அகஸ்தியம்பள்ளியில் 1930 உப்பு சத்தியாகிரகத் தூணும் பார்த்தோம். காலை வெயிலில் உப்புக் குவியலைப் பார்க்கக் கண் கூசியது. கோடியக்கரையில் வெளிமான்கள் தூரத்தில் நின்றன. என் போனில் அவை மண்நிறப் புள்ளிகள்.

அப்பா போனில்தான் சிக்கல். இடம் இல்லை என்று காட்டியதாம். வாட்ஸ்அப்பில்தான் எல்லாம் அனுப்பியாகிவிட்டதே என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டார்.

வேதாரண்யத்துப் பொண்ணு

எப்போது அழித்தார்? அழித்த படம் பெரும்பாலும் 30 நாளைக்காவது குப்பைத்தொட்டியில் கிடக்கும். கேலரி, கூகுள் போட்டோஸ் இரண்டிலும் பாருங்கள். இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். அப்பாவிடம் அந்தப் போனில் புதுப் படம் எதுவும் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள், தொட்டியையும் யாராவது காலி செய்துவிடப் போகிறார்கள்.

கடலோரப் பயணி

இருந்தன! 63 படங்களில் 58 கிடைத்தன. 19 நாள்தான் ஆகியிருந்தது. உங்களுக்கு ஒரு கிலோ வேதாரண்யம் உப்பு அனுப்பலாம் என்றால் உங்களுக்கே வேதாரண்யம்.

ஒரு வேடிக்கை. அப்பா எடுத்த 58 படங்களில் மனிதர்கள் இருப்பது மூன்றில்தான். மீதி எல்லாம் ஊர்ப் பெயர்ப்பலகை, மைல்கல். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று ஒன்று விடாமல். முப்பது வருடம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். கார் ஜன்னல் வழியாக ஸ்டேஜ் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். முன் சீட்டில் இருந்த எனக்கு இது தெரியவே இல்லை.

கணினிக்கிறுக்கன்

உங்கள் அப்பாவுக்கு ஒரு சல்யூட். இனி ஜிபிஎஸ் எதற்கு? எந்தப் படம் எந்த ஊர் என்ற சந்தேகம் வந்தால் முன்னும் பின்னும் இருக்கிற பலகையைப் பாருங்கள்.

திரும்பாமல் போன ஐந்து படங்களுக்கு இன்னொரு வழி. ஃபாஸ்டேக் கழித்த குறுஞ்செய்தி, டீக்கடையில் யுபிஐ அனுப்பிய கணக்கு, பெட்ரோல் பில். எல்லாவற்றிலும் மணி இருக்கும்.

இருட்டறைக்காரர்

நான் ஸ்டூடியோ வைத்திருந்தவன். பிலிம் காலத்து ஆள். அச்சுப் போடுவது பற்றி மட்டும் சொல்கிறேன்.

4×6 அளவுக்கு 1800×1200 புள்ளி இருந்தால் போதும், நன்றாக வரும். வாட்ஸ்அப்பில் சுருங்கிய படம்கூட அந்த அளவுக்குத் தாங்கும். அதனால் அந்த ஐந்தை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். பக்கம் முழுக்கப் போடுகிற படத்துக்கு மட்டும் கேமராவில் எடுத்த அசலைக் கொடுங்கள். கல்யாண ஆல்பம் மாதிரி பின்னணியில் ரோஜாப்பூவும் மேகமும் போட்டுத் தரட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெள்ளைத் தாள், ஒரு பக்கத்துக்கு இரண்டு படம், கீழே எழுத இடம். முடிந்தால் எழுத்தை அச்சடிக்காமல் பேனாவால் எழுதுங்கள்.

எழுதுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோட்டை 1620-ல் கட்டியது என்று உங்கள் அத்தைக்குச் சொல்ல அங்கே ஒரு பலகை இருக்கிறது. அந்தக் கோட்டை வாசலில் யாருக்குக் கால் வலித்தது, யார் ஐஸ் வாங்கினார்கள் என்பதற்குப் பலகை இல்லை.

இன்னொன்று. பிலிமில் 36 படம்தான் என்பதால் எதை எடுக்கவில்லை என்பது எங்களுக்கு எப்போதும் தெரியும். உங்களிடம் ஆயிரம் இருக்கிறது, எல்லாம் எடுத்துவிட்டோம் என்று தோன்றும். வரிசை சரியானதும், நாலு கருவியிலும் படமே இல்லாத நேரம் எது என்று பாருங்கள். காரில் போன நேரத்தைக் கழித்துவிடுங்கள். மீதி இருக்கிற இடைவெளியில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? எழுத வேண்டியது அங்கே இருக்கலாம்.

நச்சுனு நாலு

சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

கடலோரப் பயணி

நாலு நாள் கழித்து வருகிறேன். வேலை முடிந்துவிட்டது.

பாம்பனில் புதுப் பாலத்தில் ரயில் போனபோது அக்கா கேமராவிலும் நான் போனிலும் எடுத்திருந்தோம். இன்ஜினின் மூக்கு இரண்டிலும் ஒரே தூணுக்கு நேராக இருக்கிறது. என் போனில் மாலை 4:12, கேமராவில் 6:49. வித்தியாசம் 2 மணி 37 நிமிடம். டிஜிகேமில் தள்ளியதும் சூரியோதயம் 6:35-க்கு வந்து உட்கார்ந்தது. கணினிக்கிறுக்கன் சார் சொன்ன அதே மணி. கொஞ்சம் சிலிர்த்துத்தான் போனது.

நச்சுனு நாலு சொன்னதும் சரி. இடைவெளிகளில் முக்கால்வாசி சாப்பாடுதான். நாகப்பட்டினத்தில் ஒரு மணி நேரம், தொண்டியில் முக்கால் மணி நேரம்.

நாலாம் நாள் தனுஷ்கோடியில் மட்டும் 9:16-லிருந்து 10:03 வரை ஒரு படமும் இல்லை. அந்த நேரத்தில் நாங்கள் சாப்பிடவில்லை, காரிலும் இல்லை. இடிந்த ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மணலில் நின்றுகொண்டிருந்தோம். அப்பா பேசிக்கொண்டிருந்தார். எங்கள் பூர்வீகம் திருவாடானைப் பக்கம். தாத்தா கொழும்பில் கடை வேலைக்குப் போனவர். புயலுக்கு முந்தின வருடம், 1963-ல், ஆறு வயது அப்பாவையும் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்தில் போட் மெயில் ரயில் ஏறி, தலைமன்னார் கப்பலுக்கு அங்கே வந்திருக்கிறார்கள். தாத்தா கால்களில் புதுச் செருப்பு. கப்பல் ஏறுவதற்கு முன்னால் அதைக் கழற்றித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறினாராம். கொழும்பில் முதலாளி முன்னால் போய் நிற்கும்போது செருப்பு புதிதாக இருக்க வேண்டுமாம். திரும்பி வந்தது எட்டு வருடம் கழித்து, ராமேஸ்வரம் வழியாக. அதற்குள் தனுஷ்கோடியே இல்லை.

இதை அப்பா இதற்கு முன்னால் சொன்னதில்லை. யாருக்கும் போனை எடுக்கத் தோன்றவில்லை.

10:03-க்கு அக்கா எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மணலில் எங்களுக்கு முன்னால் நடந்து போகிறார். முதலில் பொறுக்கும்போது, முகம் தெரியவில்லை என்று இந்தப் படத்தைத் தள்ளிவைத்திருந்தேன். இப்போது அது பக்கம் முழுக்க. எதிர்ப்பக்கத்தில் செருப்புக் கதையை அம்மா கையெழுத்தில் எழுதியிருக்கிறோம். என் கையெழுத்து அத்தைக்குப் புரியாது.

வேதாரண்யத்துப் பொண்ணு

படித்துவிட்டு எங்கள் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

ஒரு எச்சரிக்கை. அச்சு ஆல்பம் தவிர இணைப்பாகவும் பகிரப் போகிறீர்கள் என்றால், படத்துக்குள் இருக்கிற இருப்பிட விவரத்தை எடுத்துவிட்டு அனுப்புங்கள். கிளம்பும்போது வீட்டு வாசலில் எடுத்த படத்திலும் அது இருக்கும். இணைப்பு யார் கைக்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது.

கடலோரப் பயணி

நன்றி, எடுத்துவிட்டேன். மொத்தம் 52 படங்கள் தேறின. அதில் 14 பெயர்ப்பலகை. குறைக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன், வண்டியை நடு ஸ்டேஜில் நிறுத்தச் சொன்ன மாதிரி பார்த்தார்.

கடைசியாக ஒரு உதவி. தொண்டிப் பலகை மட்டும் மங்கிவிட்டது. கார் வேகத்தில் எழுத்தெல்லாம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அப்பா வேலைக்குச் சேர்ந்து முதல் டிக்கெட் கிழித்தது தொண்டி வண்டியில். அதனால் அது இல்லாமல் அச்சுக்குக் கொடுக்க விடமாட்டேன் என்கிறார். மென்பொருளில் கூர்மையாக்கிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. ஏதாவது வழி இருக்கிறதா?

கணினிக்கிறுக்கன்

அசைவில் மங்கியதை முழுதாக மீட்க முடியாது. வேறு படம்தான் எடுக்க வேண்டும்.

தொண்டிக்காரன்

இவ்வளவு நாளும் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். பலகை எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. நாளைக்குக் காலையில் வெயில் ஏறுவதற்குள் எடுத்து அனுப்புகிறேன். வடக்கேயிருந்து வருகிற பக்கமா, தெற்கேயிருந்து வருகிற பக்கமா? அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். டாக்குமென்டாகவே அனுப்புகிறேன்.