படகு வைத்திருந்தவர் ஏழையா? (கடற்கரைப் பிள்ளைகளும் ‘ஒழுக்கமும்’)

கச்சான்:
நேற்று இந்த இணைய மன்றத்தின் வேறொரு இழையில் கணக்கு வாத்தியார் எழுதியது இது: "ராமேஸ்வரம், தங்கச்சிமடம் பக்கம் கூலிக்குப் போகிறவன் பிள்ளை கூலிக்கே போவதற்கு வறுமை காரணமில்லை, வளர்ப்பு சரியில்லை. அதே மண்ணில் ஏழையாய்ப் பிறந்த கலாம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படித்தார், மேலே வந்தார்." அந்த இழையைப் பூட்டிவிட்டதால் இங்கே கேட்கிறேன். கலாம் வீட்டில் படகு இருந்ததா, இல்லையா? ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரைக்காரர்களை ஏற்றிப் போன சொந்தப் படகு. மசூதித் தெருவில் சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய வீடு. படகுக்காரர் மகனைக் காட்டி, அடுத்தவர் படகில் பங்குக்குக் கடலுக்குப் போகிறவன் மகனைத் திட்டுவது என்ன நியாயம் சார்?

கணக்கு வாத்தியார்:
தம்பி, அந்தப் படகைப் புயல் அடித்துக்கொண்டு போனதையும் அவரே எழுதியிருக்கிறார். சின்ன வயதில் பேப்பர் போட்டவர். சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேரப் பணமில்லாமல் அக்காவின் வளையலும் சங்கிலியும் அடகுக்குப் போயின. இதெல்லாம் உங்கள் கண்ணில் படாது. நான் இந்தக் கடற்கரைப் பள்ளிகளில் வேலை பார்த்தே ஓய்வு பெற்றவன். 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது, பிரம்பு போனது, பயமும் போனது. தலையில் பாதியை மழித்துக்கொண்டு வகுப்புக்கு வருகிறான். கேட்டால் முறைக்கிறான்.

கச்சான்:
அடகு வைக்க வளையல் இருந்தது இல்லையா? அதைத்தான் சொல்கிறேன். படகும் இருந்தது, வளையலும் இருந்தது. எங்கள் தெருவில் அடகு வைக்க ரேஷன் கார்டுதான் இருக்கிறது, அதுவும் பாதி வீட்டில் ஏற்கெனவே அடகில்.

தொண்டிக்காரி:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். ஒழுக்கம் என்று எதைச் சொல்கிறீர்கள்? நேரத்துக்கு எழுவதையா, அடிக்குப் பயப்படுவதையா, முடிவெட்டையா? அதைச் சொல்லாமல் பேசினால் விடிய விடியப் பேசலாம்.

பரமக்குடியான்:
ஒழுக்கம் என்றால் ஒழுக்கம்தான். கடற்கரையில் கையில் காசு வந்த அன்றே செலவாகிவிடும், நாளைக்கு என்ற நினைப்பே கிடையாது. அமெரிக்காவில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் குழந்தைகள் முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, தின்னாமல் காத்திருந்தால் இரண்டு தருவேன் என்று சோதித்தார். பொறுத்திருந்த பிள்ளைகள்தான் பின்னாளில் நன்றாக வந்தார்கள். விஞ்ஞானம் சொல்கிறது, நான் சொல்லவில்லை.

தொண்டிக்காரி:
பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள் அண்ணே. அதையே இன்னும் நிறையப் பிள்ளைகளை வைத்துப் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் பெருமளவு சுருங்கிப் போனது.

கச்சான்:
எங்கள் வீட்டில் மிட்டாயை வைத்துவிட்டுக் காத்திருந்தால் தம்பி தின்றுவிடுவான். காத்திருப்பவன் கெட்டிக்காரன் இல்லை, ஏமாளி. பரமக்குடியில் உட்கார்ந்துகொண்டு கடற்கரைக் காசைப் பற்றிப் பேசுகிறவருக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூனில்தான். நோட்டு, பை, சீருடை எல்லாவற்றுக்கும் முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறோம். வாங்கியதை அடைக்கிறவரைக்கும் அந்தப் படகை விட்டு வேறு படகு ஏற முடியாது. மறு வருசமும் இதே கதை. இதில் ‘நாளைக்கு’ என்று எதை நினைக்கச் சொல்கிறீர்கள்? முதலாளிக்கு இந்தக் கவலை இல்லை. ஏன் இல்லை? படகு அவருடையது. கலாம் வீட்டிலும் படகு அவர்களுடையது.

கணக்கு வாத்தியார்:
மறுபடியும் படகு! கரையில் எத்தனை படகுக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளெல்லாம் விஞ்ஞானியா ஆனார்கள்? வீட்டில் கண்டிப்பு இருந்ததால்தான் அந்தப் பிள்ளை நாலு மணிக்கு எழுந்தது.

வாடைக்காத்து:
நாலு மணிக்கு எழுவதா பெரிய விசயம் சார்? என் அக்கா மகன் எட்டாவது படிக்கிறான். நாட்டுப்படகில் நண்டு வலை வந்தால் விடியுமுன்னே கரையில் உட்கார்ந்து கழிப்பான். கொடுக்கு விரலைப் பிடிக்காமல், கால் உடையாமல், ஒவ்வொரு காலாகச் சுற்றியிருக்கிற நூலை விலக்கி எடுக்க வேண்டும். ஒரு கால் போனாலும் கம்பெனிக்காரன் விலையைக் குறைப்பான். அத்தனை பொறுமையாய்ச் செய்துவிட்டு, வெறும் வயிற்றோடு பள்ளிக்கு ஓடுவான். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு சரி. முதல் பீரியடில் கண் சொருகினால் ‘ஒழுக்கமில்லாதவன்’. எங்களைப் பார்த்து ஒழுக்கம் கற்றுக்கொள்ளுங்கள் சார்.

பரமக்குடியான்:
பிள்ளையை நண்டு கழிக்க வைக்கிற அப்பன் என்ன செய்கிறான்? டாஸ்மாக்கில் நிற்கிறான். அதைச் சொன்னால் கோபம் வரும்.

வாடைக்காத்து:
அவன் அப்பா இலங்கைச் சிறையில் இருக்கிறார். போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

தொண்டிக்காரி:
2003-இலிருந்து அந்தக் கடையை அரசாங்கமே நடத்துகிறது. குடிக்கிறவனை மட்டும் திட்டினால் போதுமா?

பரமக்குடியான்:
அரசாங்கம் வாயில் ஊற்றுகிறதா? கடை பரமக்குடியிலும்தான் இருக்கிறது.

கச்சான்:
இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது. தீபாவளிக்கு வந்தபோது பார்த்தேன்.

பரமக்குடியான்:
வந்தவர் பார்க்க மட்டுமா வந்தீர்கள்?

கச்சான்:
வாத்தியாரிடம் வருகிறேன். பிரம்பு போனதும் எல்லாம் போய்விட்டது என்றீர்களே, 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் நம் ராமநாதபுரம் மாவட்டம் 96.36 சதவீதத்தோடு மாநிலத்தில் மூன்றாவது. யாரை அடித்து வந்தது அது?

கணக்கு வாத்தியார்:
தேர்ச்சி வேறு, ஒழுக்கம் வேறு. அந்த மார்க்கை வாங்கிக்கொண்டு எத்தனை பேர் எங்கே போனார்கள் என்று பாருங்கள்.

கச்சான்:
பார்த்தேன். ஒருவன் டிப்ளமா முடித்துவிட்டு விசைப்படகில் ஐஸ் உடைக்கிறான், அவன்தான் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறான். அவனுக்குத் தினமும் நேரத்துக்கு எழத் தெரியும். படகுதான் இல்லை.

தொண்டிக்காரி:
கச்சான் தம்பி, நீங்களும் அதே படகைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். வேலை இல்லாததைப் பேசுங்கள். இந்த மாவட்டத்தை மத்திய அரசே 2018-இல் பின்தங்கிய பட்டியலில் சேர்த்ததைப் பேசுங்கள். பெண்பிள்ளைகளைப் பற்றி இதுவரை ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கச்சான்:
அக்கா, வேறு இழை தொடங்குங்கள், வந்து பேசுகிறேன். இது படகு இழை.

கணக்கு வாத்தியார்:
நிர்வாகிக்கு: இவர் போன மாதமும் என்னை ‘டியூஷன் வியாபாரி’ என்று எழுதினார். அதை இன்னும் நீக்கவில்லை.

கச்சான்:
வகுப்பில் பாதி, வீட்டுத் திண்ணையில் மீதி என்று கணக்குச் சொல்லிக்கொடுத்தவரை வேறு எப்படி எழுதுவது? திண்ணைக்குக் காசு இருந்தவன் பாஸ். நான் திண்ணைக்கு வெளியே நின்று கேட்டவன்.

கணக்கு வாத்தியார்:
வெளியே நின்று கேட்டவனிடம் நான் காசு கேட்டேனா? அதைச் சொல்லும்.

கச்சான்:
காசு கேட்கவில்லை, தண்ணீர்க் குடம் தூக்கச் சொன்னீர்கள்.

பரமக்குடியான்:
குடம் தூக்கியதில் கொஞ்சம் ஒழுக்கம் வந்திருக்கலாமே!

கச்சான்:
சனிக்கிழமை தொழிலுக்குப் போகிறேன், ஞாயிறு கரை வந்ததும் உமக்குத் தனியாகப் பதில் உண்டு. அதுவரை அந்த மிட்டாயைத் தின்னாமல் வைத்திரும்.

கணக்கு வாத்தியார்:
நிர்வாகி, குடம் பற்றி எழுதியதையும் நீக்க வேண்டும். ஒரு நாள்தான் தூக்கினான்.