சிடி ஸ்கேன் நார்மல், ஆனா கோலம் வரல: சின்ன குழாய் அடைப்பு ஸ்ட்ரோக் பார்த்தவங்க அனுபவம் சொல்லுங்க

ஈரோட்டுக்காரி

அம்மாவுக்கு 61 வயசு. பிரஷர் மாத்திரை டப்பா நிறைய இருக்கும், தலை சுத்துற அன்னிக்கு மட்டும் ஒண்ணு போடுவாங்க, எல்லா வீட்லயும் இருக்கற கதைதான். போன மார்கழி, காலைல அஞ்சரை மணி, வாசல்ல கோலம். ஊடுபுள்ளி வெச்சு முடிச்சுட்டாங்க, எண்ணிக்கை தப்பல, கோடு இழுக்க ஆரம்பிச்சப்பத்தான் பொடி கொத்துக் கொத்தா விழுகுது, வளைவு வர்ற இடத்துல விரல் நிக்குது. "பொடி நமத்துப் போச்சு போல கண்ணு"ங்கறாங்க. பேச்சும் வெத்தலைய அதக்கிட்டு பேசுற மாதிரி கொழகொழன்னு. நான் என்ன பண்ணேன் தெரியுங்களா, உள்ள போய் புது பாக்கெட்டு கத்தரிச்சு எடுத்துட்டு வந்து குடுத்தேன். அத இன்னும் என்னால மறக்க முடியல. ஒரு ஸ்ட்ரோக் வந்த மனுஷிக்கு கோலப்பொடி மாத்திக் குடுத்திருக்கேன்.

கை தூக்கச் சொன்னா தூக்குறாங்க, பேரன் பேரு, கிழமை எல்லாம் கரெக்டா சொல்றாங்க, அதனால பனின்னு நெனச்சு சுக்கு காபி போட்டுக் குடுத்து படுக்க வெச்சோம். ஆஸ்பத்திரிக்குப் போனப்ப மணி பதினொண்ணு. சிடி எடுத்து நார்மல், வீக்னெஸ்தான்னு ஒரு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. மறுநாள் டம்ளர் கைய விட்டு நழுவுது. வேற எடத்துல எம்ஆர்ஐ எடுத்தா உள்ளாற ஆழத்துல 9 மில்லிமீட்டர்ல ஒரு வெள்ளைப் புள்ளி, ஒரு கொண்டக்கடலை அளவு. அந்த டாக்டர் எங்கள பார்த்ததும் தோட்டக்காரங்கன்னு தெரிஞ்சு, "சொட்டு நீர் போட்டிருக்கீங்கல்ல, மெயின் பைப்பு நல்லாத்தான் இருக்கு, செடிக்குப் போற சின்ன டியூப் உப்பு கட்டி அடைச்சுக்கும்ல, அது மாதிரி"ன்னாரு. ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடுவாம். அஞ்சரைக்கு நாலரைய கூட்டினா பத்து. நாங்க போனது பதினொண்ணு. நெதமும் இந்தக் கணக்குதான் மனசுல ஓடுது.

பழைய டிரைவர்

தாயி, நீயாவது பொடிதான் மாத்திக் குடுத்த. நான் 60 பேர ஏத்திக்கிட்டு ஓட்டுனவன். அன்னிக்கு விடிகால மொத ட்ரிப்புல இடது கால் திடீர்னு என்னோடதே இல்லங்கற மாதிரி ஆச்சு, கிளட்ச்ச மிதிச்சா மிதிக்கற உணர்வு இருக்கு ஆனா கால் போகல. இடது கையும் கூடவே. அஞ்சு நிமிசம்தான், ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்பிருச்சு. ஸ்டாண்டுல எறங்கி டீ குடிச்சேன். ரெண்டாவது ட்ரிப்புல மறுபடி அதே கால், அதே கை, அதே அஞ்சு நிமிசம். மூணாவது தடவையும் அச்சு அசலா அப்புடியே. நாலாவது தடவ வந்தது போகல. ஸ்டாண்டுல வண்டி நின்னுருச்சு, தூக்கிட்டுப் போனாக.

பெரியாஸ்பத்திரில டாக்டரம்மா சொன்னாக, மூளைக்குள்ள கை காலுக்குப் போற நரம்பெல்லாம் ஒரு சின்ன சந்து வழியா கட்டாப் போகுதாம், அந்த சந்துக்கு ரத்தம் குடுக்கற பொடிக்குழாய் அடைக்கவும் தெறக்கவுமா இருந்திருக்கு, கேப்சுலர் வார்னிங்னு பேரு, ஒரே மாதிரி விட்டு விட்டு வந்தா கொஞ்ச நேரத்துலயோ ரெண்டு மூணு நாள்லயோ முழுசா விழுந்துரும் வாய்ப்பு ஜாஸ்தின்னு. எனக்கு சரியாப் போனதுதான் ஏமாத்திருச்சு. வலி கிடையாது, மயக்கம் கிடையாது, வாய் ஒழுங்கா பேசுது. இத எவன் ஸ்ட்ரோக்குன்னு நெனப்பான்?

கருப்பன் துணை

எங்க சித்தப்பாவுக்கும் இதே மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, புறா ரத்தம் தேச்சோம், மூணு மாசத்துல எந்திரிச்சு நடந்தாரு, அவ்வளவுதான் கதை. ஆனா ஒண்ணு சொல்றேன், இந்த மாதிரி மினி ஸ்ட்ரோக்குக்கு எல்லாரும் ரொம்ப பயப்பட வேணாம். வீட்ல எப்பவும் ஒரு ஆஸ்பிரின் பட்டை வெச்சிருங்க, கை மரத்துச்சுன்னா உடனே ரெண்டு வாயில போட்டு மென்னு முழுங்கிரணும், ஹார்ட் அட்டாக்குக்கு அப்படித்தானே குடுக்கறாங்க, இதுவும் அடைப்புதானே. அடுத்து பிரஷர் பார்க்கற மிஷின் வாங்கி வெச்சுக்கணும், 180, 200 காட்டுச்சுன்னா அந்த எடத்துலயே கூட ஒரு பிரஷர் மாத்திரை போட்டு எறக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே கெளம்பணும். காலைல வெறும் வயித்துல பூண்டு ரெண்டு பல், ராத்திரி தேன்ல வெங்காயச் சாறு. ஊறுகாய் அப்பளத்த விடுங்க. பொண்ணுங்க மார்கழி பனில தலைக்கு துணி கட்டாம கோலம் போடக்கூடாது, நரம்பு சுருங்கிரும். ஈரோட்டு சிஸ்டர், சிடி நார்மல்னா நார்மல்தான், எம்ஆர்ஐ எல்லாம் காசு புடுங்கற வேல.

நைட் டூட்டி நர்ஸ்

கருப்பன் அண்ணே, ஊறுகாய் அப்பளம் ஒண்ணு மட்டும் சரி. மத்தத யாராச்சும் நம்பி செஞ்சுறப் போறாங்களேன்னுதான் எழுதறேன்.

வீட்ல ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஆழத்துல இருக்கற இதே பொடிக்குழாய்கள்தான் பிரஷர் ஏறினா அடைக்கவும் செய்யும், வெடிக்கவும் செய்யும். வெளிய பார்க்க ரெண்டும் ஒண்ணுபோலத்தான், கை கால் விழும், பேச்சு குழறும். ஸ்கேன் இல்லாம பிரிக்க முடியாது. ரத்தம் கசிஞ்ச மூளைக்கு ஆஸ்பிரின் குடுத்தா என்ன ஆகும்? மொதல் சிடி முக்கியமா அதுக்குத்தான் எடுக்கறது, கசிவு இருக்கா இல்லையான்னு. சின்ன அடைப்பு மொதல் சில மணி நேரத்துல சிடில பெரும்பாலும் தெரியவே தெரியாது, எம்ஆர்ஐலதான் பளிச்சுனு தெரியும். பிரஷரையும் வீட்ல எறக்காதீங்க. அடைச்ச எடத்தச் சுத்தி கொஞ்ச நஞ்சம் ரத்தம் போறதே அந்த அழுத்தத்துலதான். எவ்வளவு எறக்கணும், எப்ப எறக்கணும்னு வார்டுலயே யோசிச்சுத்தான் செய்வாங்க. ஏழு வருஷம் முன்னாடி ஒருத்தர் ஆட்டோவுல வர்றதுக்குள்ள மூணு பிரஷர் மாத்திரை போட்டுட்டு வந்தாரு. ஏறும்போது கை லேசா தொங்கினவரு, எறக்கும்போது கால் சுத்தமா இல்ல. அவரு சம்சாரம் காலிப் பட்டைய கைல வெச்சுக்கிட்டு "நாந்தான் குடுத்தேன், சரிதானே"ன்னு என்னையே கேட்டுட்டு இருந்தாங்க. நான் பதிலே சொல்லல.

அப்புறம் அறிகுறி 24 மணி நேரத்துல சரியாப் போனா மட்டும்தான் ஜனங்க மினி ஸ்ட்ரோக்குங்கறது, அதுலயும் ஸ்கேன்ல தடம் இருந்தா அது ஸ்ட்ரோக்தான். ஈரோட்டு அக்கா, பத்து மணி கணக்க விடுங்க. தொந்தரவு லேசா இருந்தா, நேரத்துக்கு வந்தாலும் அந்த ஊசிய எல்லாருக்கும் போடறதில்ல.

வல்லிபுரப் பக்கம்

எங்கட அப்பாவுக்கு நடந்தது வேறை மாதிரி. பின்னேரம் முத்தத்தில இருந்து பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு இருந்தவர், "பிள்ளை, கோப்பை பாதியோட முடியுது" எண்டார். சொண்டின்ர இடது பக்கம் விறைச்சுப் போச்சு, விளிம்பு தெரியேல்லை. இடது கைப் பெருவிரலும் பக்கத்து விரலும் அதே நேரம் விறைப்பு. கால் ஒண்டும் இல்லை, பலமும் குறையேல்லை. 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சுக் கொண்டு போனம். தலாமஸ் எண்ட இடத்தில சின்ன அடைப்பாம், அங்க வாயும் விரலும் பக்கத்துப் பக்கத்து வீடு எண்டு டொக்டர் விளங்கப்படுத்தினவர். விறைப்பு மெல்ல மெல்லக் குறைஞ்சுது, நாங்களும் சந்தோசப்பட்டம். நாலு மாசத்துக்குப் பிறகு அதே இடத்தில எரிவு தொடங்கீட்டுது. சேட்டுக் கை முட்டினாலே சுடுதண்ணி ஊத்தின மாதிரி எண்டுறார். கையைப் பாத்தா ஒரு காயமும் இல்லை, வீட்டுக்கு வாற சனம் "ஆள் நல்லாத்தானே இருக்கிறார்" எண்டுட்டுப் போகுது. அப்பா இப்ப ஆக்கள் வந்தா சேட்டு போட மாட்டன் எண்டு அறைக்குள்ள இருந்துவிடுறார்.

வாசிப்பவன்

கருப்பன் சாருக்கு நர்ஸ் மேடம் சொன்னது போதும். நான் அந்த சொட்டு நீர் உதாரணத்துல ஒரு திருத்தம் சொல்லணும். உப்பு எங்கிருந்தோ வந்து அடைக்கற மாதிரி மட்டும் இல்ல இது. பெரிய குழாய்லேர்ந்து பொசுக்குன்னு செங்குத்தா பிரியற குழாய், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது, வருஷக்கணக்கா அழுத்தமும் சர்க்கரையும் அடிச்சு அடிச்சு அதோட சுவரே உள்பக்கமா தடிச்சு வழிய மூடிக்குது. அதனாலதான் பக்கத்து வீட்டுக்காரருக்கு தொடை வழியா கம்பி விட்டு கட்டிய எடுத்தாங்களே இவருக்கு ஏன் எடுக்கலன்னு சண்டை போடறதுல அர்த்தம் இல்ல, அந்தக் குழாய்க்குள்ள கம்பியே போகாது. செத்த எடம் கரைஞ்சு சின்னக் குழியா நின்னுடும், பிரெஞ்சுக்காரங்க 1838லயே லக்கூன்னு பேர் வெச்சாங்க, அதனாலதான் லக்குனார் ஸ்ட்ரோக். ஃபிஷர்னு ஒரு டாக்டர் 1960கள்ல எந்தக் குழிக்கு எந்த அறிகுறின்னு பிரிச்சு எழுதினாரு, பேச்சு குழறி கை மட்டும் தடுமாறறது அதுல தனி வகை, ஈரோட்டு அம்மாவுக்கு வந்தது அதேதான் போல.

ரெண்டு ரத்தம் ஒறையாத மாத்திரையையும் ஆயுசுக்கும் போட்டா நல்லதுன்னு நெனக்காதீங்க. எஸ்பிஎஸ்3ன்னு இந்த வகை ஸ்ட்ரோக்குக்குன்னே மூவாயிரம் பேர வெச்சுப் பார்த்த ஆய்வு, 2012ல முடிவு வந்துச்சு, ஆஸ்பிரினோட குளோபிடோக்ரல் சேர்த்து நீண்ட நாள் குடுத்ததுல அடுத்த ஸ்ட்ரோக் குறையல, ரத்தக்கசிவும் சாவும்தான் கூடுச்சு. ஆரம்பத்துல மூணு வாரம் போல ரெண்டும் குடுப்பாங்க, அது வேற. அதே ஆய்வுல பிரஷர மேல் நம்பர் 130க்குக் கீழ வெச்சவங்களுக்கு மூளைல ரத்தக்கசிவு குறைஞ்சுச்சு.

என் கதை ஒரு வரிதான். அப்பா திடீர்னு குட்டிக் குட்டி அடி வெச்சு நடக்க ஆரம்பிச்சாரு, டிவில சோப்பு விளம்பரம் பார்த்து அழுதாரு. வயசுன்னு விட்டோம். ஸ்கேன்ல பழைய குழி ஆறு. ஆறுல ஒண்ணுகூட எப்ப வந்துச்சுன்னு எங்க யாருக்கும் தெரியாது.

கருப்பன் துணை

புறா ரத்தத்துலதான் சித்தப்பா எந்திரிச்சாரு, அத யாரும் மறுக்க முடியாது.

நைட் டூட்டி நர்ஸ்

தேய்க்காம இருந்தாலும் எந்திரிச்சிருப்பாரு அண்ணே, இந்த வகைல மொத ஸ்ட்ரோக்குல நெறைய பேர் நல்லாவே தேறுவாங்க. புறாவ விட்ருங்க.

ஈரோட்டுக்காரி

அம்மா இப்ப டம்ளர் புடிக்கறாங்க, ஊக்கு போடத்தான் வரல. மாத்திரைய வீட்டுக்கே வந்து குடுக்கற திட்டத்துல செவிலியக்கா மாசா மாசம் வராங்க, அவங்க முன்னாடி நல்ல புள்ளையாட்டம் தலையாட்டறாங்க. டிரைவர் அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா, தப்பா நெனக்காதீங்க. மூணாவது தடவை வந்தப்பறம் வேற டிரைவர்கிட்ட வண்டிய குடுத்துட்டீங்களா? நாலாவது ஸ்டாண்டுல வந்துச்சுன்னீங்களே.

பழைய டிரைவர்

ஸ்டாண்டுல இல்ல தாயி. அப்புடித்தான் எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். பாலத்துக்கு முந்தி புளியமரம் வரிசையா நிக்கும், அங்க. இடது கை ஸ்டேரிங்க விட்டு மடில விழுந்துருச்சு. பிரேக்கு வலது காலு பாரு, அதனால நின்னுச்சு. கண்டக்டர் தம்பி ஓடியாந்து ஹேண்ட் பிரேக்க போட்டான். பின்னாடி ஒரு பாட்டி, ஏம்ப்பா இங்க ஸ்டாப்பிங் இல்லையேன்னு கேட்டுச்சு. ஆமா பாட்டி, எறங்கிக்கங்கன்னேன். வாய் தெளிவாத்தான் வந்துச்சு.