புதுப்பிப்பு: ஃப்ளஷ் டேங்க் ஒழுகல் நின்றது (தருமபுரி)

ஃப்ளஷ் டேங்க் ராத்திரியெல்லாம் தானாக நிரம்புகிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

டேங்கில் கேசரிப் பவுடர் கரைத்து, ஃப்ளஷ் பண்ணாமல் அரை மணி நேரம் விடச் சொன்னார் ஒருவர். அதுதான் கை கொடுத்தது. கழிப்பறைக் கோப்பையில் ஆரஞ்சு நிறம் இறங்கியிருந்தது! தண்ணீர் மட்டம், மிஞ்சிய தண்ணீரைக் கோப்பைக்குள் விடும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழேதான், அது வழியாக வழியவில்லை; அப்படியென்றால் கசிவு, டேங்கின் அடியில் ரப்பர் மூடி அடைக்கும் வால்வில்.

ஃப்ளஷ் கைப்பிடியையும் மூடியையும் இணைக்கும் சங்கிலி விறைப்பாக இருந்து ரப்பர் மூடியைச் சற்றே தூக்கிப் பிடித்திருந்தது. கொக்கியை மாற்றி அரை அங்குலம் தளர்த்தினேன். ஒழுகல் குறைந்தது, நிற்கவில்லை.

எதிர்பாராதது அப்புறம்தான். மூடி உட்காரும் விளிம்பில் விரலை ஓட்டினால் சொரசொரவென்று உப்புப் படிவம். எல்லாம் எங்கள் போர் தண்ணீர் உபயம். தண்ணீரை வடித்துவிட்டு, வினிகர் நனைத்த துணியை அரை மணி நேரம் போட்டுத் தேய்த்ததும் வழுவழுப்பானது. ரப்பரை மாற்றவில்லை. நான்கு நாளாக டேங்க் சத்தமே இல்லை.